அளவுக்கட்டை

எங்கள் பட்டறையில் அவனுக்குச் சிக்கனம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. அது சம்பள நாளில் மட்டும் முதலாளிக்கு ஞாபகம் வரும். மற்றவர்கள் வெல்டிங் ராடு விரல் நீளம் மிச்சம் இருக்கும்போதே கழற்றித் தரையில் எறிந்துவிடுவார்கள். இவன் ராடைக் கவ்வுகிற ஹோல்டரின் வாய் கருகும்வரை விடமாட்டான். கையுறையில் ஓட்டை விழுந்தால் பழைய பேன்ட் துணியை வைத்துத் தைத்துக்கொள்வான். டீ வந்த காகிதக் கோப்பையைக் கழுவி அதில் திருகாணி போட்டு வைத்திருந்தான். இவன் செத்தால் பெட்டியைச் சரியான அளவில் செய்ய வேண்டும், பலகை வீணானால் எழுந்து வந்து சண்டை போடுவான் என்று முதலாளி சொல்வார். அவனும் சிரிப்பான். சிரிப்பிலும் சிக்கனம்தான், உதடு ஒரு பக்கம் மட்டும் போகும்.

நான் அங்கே பெயின்ட் அடிக்கிறவள். ஜன்னல், கேட், மாடிப்படிக் கைப்பிடி என்று ஆண்கள் ஒட்டித் தள்ளுவதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துரு போக்கி, நிறம் ஏற்றுவது என் வேலை. என் பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து தங்கள் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். புருஷன் எங்கேயோ இருக்கிறான், நன்றாக இருக்கட்டும். ஆகவே அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்க எனக்கு நேரம் உண்டு. சிக்கனத்தின் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள் என்பதை அவன் சொல்வதற்கு முன்பே நான் கண்டுபிடித்துவிட்டேன். மதியம் டப்பாவில் இரண்டு முட்டை கொண்டு வருகிறவன் ஒரு முட்டையோடு வர ஆரம்பித்தான். இன்னொன்று யாருக்குப் போகிறது என்று கேட்டதும் காது வரை சிவந்துவிட்டது.

அவர்கள் இருந்தது ஓர் அச்சகத்துக்கு மேலே, ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே தரை அதிரும். அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிப் பேசிக்கொண்டிருக்கும். அவன் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள், வாயாடி. பிள்ளையை ஆட்டித் தூங்கவைக்க எனக்கு வேலையே இல்லை அக்கா, மாடியே ஆட்டிவிடும் என்பாள். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட துண்டுத் துணிகளை வாங்கிவந்து என் உள்ளங்கை அகலத்தில் சட்டை தைத்துக் குவித்திருந்தாள். ஒரு கை நீலம், ஒரு கை கோடு போட்டது, முதுகில் பூ. அவன் தன் பங்குக்கு, பிள்ளையைக் குளிப்பாட்ட என்று விரிசல் விட்ட பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து, கம்பியைச் சூடாக்கி விரிசலை உருக்கி ஒட்டி, தண்ணீர் ஊற்றிவைத்து ஒரு நாள் முழுக்கக் காவல் காத்தான். ஒழுகவில்லை. அன்றைக்கு அவன் உதடு இரண்டு பக்கமும் போனது.

மிச்சம் இருந்தது தொட்டில். கடையில் போய் விலை கேட்டுவிட்டுப் பேயறைந்தவன் மாதிரி திரும்பி வந்தான். நாலு குச்சி, ஒரு பலகை, இதற்கா இந்த விலை என்று அன்று முழுக்கப் புலம்பினான். கடைசியில் முதலாளியிடம் போய் நின்றான். முதலாளி கெட்டவர் இல்லை, கணக்கானவர். முழுக் கம்பியில் கை வைக்காதே, தரையில் விழுகிற துண்டெல்லாம் உன்னுடையது என்று சொல்லிவிட்டார்.

சொன்னது அவ்வளவுதான். வேறு ஒருவனாக இருந்தால் அன்றிலிருந்து வெட்டுகிற ஒவ்வொரு கம்பியிலும் நல்ல நீளமாக ஒரு துண்டு தவறி விழுந்திருக்கும். இவன் அப்படிச் செய்யவில்லை. முன்னைவிட இறுக்கமாக அளந்து வெட்டினான். "கொஞ்சம் தாராளமாத்தான் வெட்டேன், உன் பிள்ளைக்குத்தானே" என்று நான் சீண்டினால், திருட்டுக் கம்பியில் அது படுக்க வேண்டாம் என்பான். இப்படி ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

துண்டு துண்டாகச் சேர்ந்தது. வேலை முடிந்த பிறகு கொஞ்ச நேரம் தங்கி ஒட்டுவான். நான் பிரஷ்களைக் கழுவுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். கால்கள் கேட்டுக்குப் போட்ட குழாயில் மிஞ்சியது. அடியில் மாடிப்படித் தகடு. ஒட்டிய இடங்களைச் சுத்தியலால் தட்டிக் கசடு நீக்கி, கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தான். எங்கேயாவது கீறினால் மறுபடியும் கிரைண்டர் வைத்துத் தேய்ப்பான். ஜன்னலுக்கு இவ்வளவு பார்த்திருந்தால் பட்டறை என்றைக்கோ திவாலாகியிருக்கும்.

எங்கள் பட்டறையில் ஒரு மரக்கட்டை உண்டு. அளவுக்கட்டை என்போம். ஜன்னல் சட்டத்தில் ஒரு கம்பியை நிறுத்தி, பக்கத்தில் கட்டையை வைத்து, அதை ஒட்டி அடுத்த கம்பியை நிறுத்திப் பற்றவைக்க வேண்டும். கட்டையை உருவி அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். டேப்பைத் தொட வேண்டியதே இல்லை. முதலாளியின் அப்பா காலத்துக் கட்டை. தீப்பொறி பட்டு ஓரமெல்லாம் கரியாகியிருக்கும். திருடனுக்குத் தலைதான் கஷ்டம், தலை நுழையாத அகலம் இருந்தால் போதும் என்பது முதலாளியின் பாடம். பட்டறைக்குப் புதிதாக வருகிற எவனுக்கும் முதல் நாளே அதைச் சொல்லிவிடுவார். சிக்கனத்தின் கைக்கு அந்தக் கட்டை சொந்த விரல் மாதிரி.

தொட்டிலின் நாலு பக்கமும் முடித்து என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினான். அழகாக இருந்தது. பெயின்ட் அடிக்க எவ்வளவு ஆகும் என்று பார்க்கக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டேன். விட்ட கையை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

"இது ஜன்னல் கட்டை வச்சு அடிச்சதா?"

"ஆமாக்கா. ஏன், கோணலா இருக்கா?"

"கோணல் இல்ல. சந்து பெருசா இருக்கு."

"தலை போகாதுக்கா. நான் பார்த்துட்டேன்."

"தலை போகாது, அதான் பயமே. திருடன் தலையை முதல்ல விடுவான். குழந்தை காலை முதல்ல விடும். தூக்கத்துல புரண்டா கால் போகும், இடுப்பு போகும், நெஞ்சும் போயிடும். தலை மட்டும் உள்ள மாட்டிக்கிட்டு நிக்கும். உடம்பு வெளிய தொங்கும்."

அவன் தொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான். கையில் இருந்த கட்டையைத் தரையில் வைத்தான்.

"வெளியில இருந்து வர்றவனை நினைச்சே அடிச்சுப் பழகிடுச்சு அக்கா. உள்ள இருக்கிறதை நினைக்கவே இல்ல."

இரண்டு கம்பிக்கு நடுவில் இன்னொரு கம்பி வைத்தால் சரியாகிவிடும். ஆனால் அந்த உயரத்துக்குத் துண்டு எளிதில் விழாது. முதலாளியிடம் நான் கேட்கிறேன் என்றேன். வேண்டாம், தரையில் விழுவது என்றுதானே பேச்சு, விழட்டும் என்றான். பிறப்பதற்கு இன்னும் நாள் கிடக்கிறது, பிறந்ததும் புரளவா போகிறது என்று தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டான். தொட்டிலைத் தூக்கி என் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துச் சாக்குப் போட்டு மூடினோம். குழந்தைச் சாமானுக்கு என்று கடைக்காரனிடம் கேட்டு நான் வாங்கி வைத்திருந்த சின்ன வெள்ளை டப்பாவும் அதன் பக்கத்தில் திறக்காமல் உட்கார்ந்தது. மறுநாளிலிருந்து அவன் கண் தரையிலேயே இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கூரை தகரம். மழை பெய்தால் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. ஈரத்தில் ராடைப் பிடித்தால் சுரீரென்று ஷாக் அடிக்கும் என்று வெல்டர்கள் ரப்பர் விரிப்பின் மேல் நின்று வேலை செய்தார்கள். வேலையும் குறைந்தது. வேலை குறைந்தால் துண்டும் குறையும். மூலையில் ஆணியில் மாட்டியிருந்த கயிற்றில் அவன் கட்டிவைத்த கம்பிகள் ஒரு பக்கத்துக்குக்கூடப் போதவில்லை.

அந்த மழையில் ஒரு மதியம் அவன் பெண்கள் போடுகிற செருப்பு ஒன்றை மடியில் வைத்து வாரைப் பிரித்துக்கொண்டிருந்தான். பழைய பெல்ட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி, வாரோடு சேர்த்து, நீளமாக்கித் தைத்தான். யாருடையது என்று கேட்டேன். அவளுக்குக் கால் கொஞ்சம் ஊதியிருக்கிறது, மெஷின் மிதிக்கிறாள் இல்லையா, செருப்பு கடிக்கிறதாம் என்றான். ஆஸ்பத்திரியில் காட்டு என்று சொன்னேன். அடுத்த முறை கூப்பிட்ட நாள் வரப்போகிறது, நடுவில் போனால் இரண்டு பேருக்கும் அரை நாள் சம்பளம் போய்விடும் என்றான். தையல் நன்றாக வந்திருந்தது. வாரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டான். நானும் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அதன் பிறகு சில நாளில் முதலாளியின் போனுக்குத் தகவல் வந்தது. தைத்துக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது, ஊசி இரண்டாகத் தெரிகிறது என்று சொல்லி, வாந்தி எடுத்து, மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாளாம். கூட வேலை செய்தவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். சிக்கனம் ஹோல்டரைப் போட்டது போட்டபடி மழையில் ஓடினான். வெல்டிங் முகமூடி அவன் தலைமேல் தூக்கிவிட்டபடியே இருந்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறி, ஆஸ்பத்திரி வாசல்வரை போயிருக்கிறான். காவல்காரன் சொல்லித்தான் கழற்றினானாம்.

ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, தாய்க்கும் ஆபத்து பிள்ளைக்கும் ஆபத்து என்று வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. வர வேண்டிய காலத்துக்கு வெகு முன்னால் வந்துவிட்டது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கால் இப்படி வீங்கியிருந்ததே, வீட்டில் யாரும் பார்க்கவில்லையா என்று நர்ஸ் கேட்டிருக்கிறாள். அவன் சொன்ன பதிலைப் பிறகு அவனே என்னிடம் சொன்னான்.

"பார்த்தேன்னு சொன்னேன் அக்கா. பார்த்துட்டு செருப்பைப் பெருசாக்கினேன்னு சொன்னேன். அந்தம்மா அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்த நர்ஸ் ஏதாவது திட்டியிருக்கலாம் என்று இருந்தது. திட்டியிருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

ஒரு வாரம்போல அவன் வேலைக்கு வரவில்லை. வந்த அன்றைக்கு நேராக என் பக்கம் வந்து, சாக்கை எடுத்துவிட்டுத் தொட்டிலை வெளியே இழுத்தான். தாடி மண்டிக் கிடந்தது. கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் தொட்டிலைப் படுக்கவைத்தான்.

"என்ன செய்யற?"

"அறுத்துடலாம்கா. கம்பி சும்மா கிடக்குது. ஒரு ஜன்னலுக்காவது ஆகும்."

மெஷின் சுற்ற ஆரம்பித்தது. நான் போய்ப் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். முதலாளி தன் மேஜையிலிருந்து பார்த்தார், எழுந்து வரவில்லை. வட்டத்தகடு சுற்றி ஓய்கிறவரை இரண்டு பேரும் நின்றோம்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றேன்.

"ஒண்ணும் சொல்றதுக்கில்லைங்கறார். இன்னைக்கு இருக்கு. நாளைக்கு வந்து கேளுங்கறார்."

"நீ பார்த்தியா?"

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு."

"தொட்டுப் பார்த்தியா?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். துருவும் கரியும் ரேகைக்குள் இறங்கிப்போன கைகள். பொறி பட்ட தழும்பு நகம் முதல் முழங்கை வரைக்கும். அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அன்று மாலை அவனோடு நானும் போனேன். போகிற வழியில் ரொட்டியும் அவித்த முட்டையும் வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் எதையாவது பையில் போட்டுக்கொண்டு போகிறோம். வெறுங்கையோடு போக யாருக்கும் தைரியம் இல்லை. தாழ்வாரத்தில் குடைகளிலிருந்து ஒழுகிய தண்ணீரை ஒரு பெண் துடைத்துக்கொண்டே இருந்தாள், அது நனைந்துகொண்டே இருந்தது.

அவன் மனைவி கட்டிலில் உட்கார்ந்து, ஒரு சின்னக் கோப்பையில் பால் பீச்சிக்கொண்டிருந்தாள். கோப்பையின் அடி நனைகிற அளவுக்குத்தான் இருந்தது. முகம் வற்றிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் பழைய வழக்கத்தில் ஏதாவது சொல்ல வாயெடுத்தாள், அழுகை வந்துவிட்டது. நானும் அழுதேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே போட்டிருந்த கம்பிகளை எண்ணுகிறவன்போல நின்றான்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம்தான் சொன்னாள்.

"இவர் கிட்டவே வர மாட்டேங்கறார் அக்கா. நர்ஸ் தினமும் கூப்பிடறாங்க, அப்பா தொட்டா குழந்தைக்கு நல்லதுன்னு. கை அழுக்குன்னு வெளிய ஓடறார். நான் எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சு மூணு வேளையும் போய் உட்கார்ந்துட்டு வர்றேன். தனியாத்தான்."

அவன் திரும்பவில்லை. அவள் கட்டிலுக்குக் கீழே காலை விட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். பெல்ட் துண்டு வைத்துத் தைத்த அதே செருப்பு. வீக்கம் வடிந்துவிட்டது, வாருக்கும் காலுக்கும் நடுவில் இன்னொரு கால் போகும்போல இருந்தது.

"என்னங்க" என்றாள். "இது இப்ப பெருசாயிடுச்சு. நடந்தா கழண்டு போகுது. திரும்பச் சின்னதாக்கிக் குடுங்க."

அவன் வந்து தரையில் உட்கார்ந்தான். செருப்பைத் தொட்டான், கழற்றவில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். தோள் குலுங்கியது. அவள் அவன் தலையில் கை வைத்து, முடியில் சிக்கியிருந்த இரும்புத் தூளை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டாள். பக்கத்துக் கட்டில்காரிகள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பிறகு மூன்று பேரும் போனோம். என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். நர்ஸ் அவனைக் குழாயடியில் நிறுத்தி, சோப்பைக் கொடுத்து, முழங்கைவரை தேய்க்கச் சொன்னாள். தேய்த்தான். கரி போகவில்லை. இன்னும் தேய்த்தான். போதும், அது அழுக்கு இல்லை, உங்கள் தோல்தான் என்று அவள் சொன்னது உதட்டசைவில் எனக்குத் தெரிந்தது.

பெட்டியின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு திறப்பு. அதன் வழியாகக் கையை விட்டான். உள்ளே குழந்தை என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒரு சின்ன உயிர், சிவப்பாக, மூக்கில் குழாயோடு கிடந்தது. நெஞ்சு ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. அவன் மனைவி தைத்த சட்டைகளில் மிகச் சின்னதைப் போட்டாலும் அது காணாமல் போய்விடும். அவன் விரல் அதன் மேல் போய், தொடாமல் நின்றது. அவள் அவன் முழங்கையைப் பிடித்து மெல்ல இறக்கினாள். அவன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டிவைத்துக் குழந்தையின் இடுப்புக்குக் குறுக்கே வைத்தான். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் இரண்டு விரல். சரியாக இருந்தது. மூச்சோடு விரலும் ஏறி இறங்கியது. வெகுநேரம் அப்படியே வைத்திருந்தான். நர்ஸ் வந்து போதும் என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தான்.

வெளியே வந்தபோது அந்த இரண்டு விரலும் ஒட்டியே இருந்தன. பஸ்ஸில் கூட்டம், இடது கையால் மட்டும் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை நெஞ்சோடு வைத்திருந்தான். யாரோ இடித்தார்கள், முழங்கையால் தடுத்தான், விரலைப் பிரிக்கவில்லை. கண்டக்டருக்கு நான்தான் காசு கொடுத்தேன். கையில் அடிபட்டதா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கண்ணில் என்ன இருந்தது என்று அந்த ஆளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பட்டறையை இன்னும் பூட்டவில்லை. அவன் உள்ளே போனதும் ஒரு மரத்துண்டை எடுத்து, இரண்டு விரலையும் அதன்மேல் வைத்து, என்னைப் பார்த்தான். நான் சாக்பீஸை எடுத்து விரலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோடு போட்டேன். அதன் பிறகுதான் விரலைப் பிரித்து உதறிக்கொண்டான். கோட்டோடு கோடாக அறுத்து, ஓரத்தைத் தேய்த்து, புதிதாக ஓர் அளவுக்கட்டை செய்தான். அதை எடுத்துக்கொண்டு முதலாளியின் மேஜைக்குப் போனான்.

"முழுக் கம்பி வேணும் முதலாளி. சம்பளத்துல பிடிச்சுக்கங்க."

"முழுக் கம்பியா? நீயா?" என்றார் முதலாளி. பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டோர் சாவியை மேஜைமேல் தள்ளினார்.

மறுநாள் காலையிலிருந்து மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து அதைச் செய்தான். பழைய கம்பிகளுக்கு நடுவே புதுக்கம்பிகளை, அந்தச் சின்னக் கட்டையை வைத்து வைத்து நிறுத்தினான். ராடு முழுக்க எரியும் முன்பே கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததை மாட்டினான். தரையில் விரல் நீளத் துண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. அவனிடமிருந்து அப்படி விழுந்து நான் பார்த்ததே இல்லை. மதியம் சாப்பிடப் போகவில்லை. நான் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தால் முகமூடியைத் தூக்கி வாங்கிக்கொண்டான்.

நடுவில் முதலாளியின் போன் அடித்தது. கிரைண்டர் நின்றது, சுத்தியல் நின்றது. அவன் முகமூடியைத் தூக்காமல் அப்படியே நின்றான். முதலாளி எண்ணைப் பார்த்து எடுத்து, ஆமாம், ஆமாம் என்றார். பிறகு, கேட்டுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் வேண்டுமா என்று கேட்டார். எல்லோரும் மூச்சு விட்டோம். வேலை மறுபடி ஓடியது.

சாயங்காலம் தொட்டிலை நிமிர்த்தி நிறுத்தினான். முதலாளி வந்து சுற்றிப் பார்த்தார்.

"இதென்னடா, கோழிக்கூடு மாதிரி இருக்கு? வீட்டுக்கு வர்றப்ப அது பெருசாகித்தான்டா வரும். இவ்வளவு நெருக்கம் எதுக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச அளவு இதுதான் முதலாளி" என்றான். "வளர்ந்ததும் ஒண்ணு விட்டு ஒண்ணு அறுத்துக்கலாம்."

முதலாளி கம்பி ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. பூட்டிவிட்டுச் சாவியை வாசல் தட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போ என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சிக்கனம் ஊசியையும் நூலையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே செருப்பு காத்திருந்தது. குழந்தை இன்றைக்கு இருக்கிறதா என்று கேட்க வேண்டியும் இருந்தது.

நான் வெள்ளை டப்பாவைத் திறந்தேன். மழை விட்டிருந்தது, கூரையிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது. பிரஷை முக்கி முதல் கம்பியில் வைத்தேன். முன்பக்கம் வந்தது, பக்கவாட்டுக்கு வரவில்லை. என்னிடம் இருந்ததிலேயே சின்ன பிரஷை எடுத்துப் பார்த்தேன், அதுவும் சந்துக்குள் திரும்பவில்லை. பழைய துணியைக் கிழித்து விரலில் சுற்றி, பெயின்ட்டில் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு கம்பியாகத் தடவிக்கொண்டு வந்தேன்.